அப்பா எண்ணிய தூர்கள்

போன குறுவையில் ஊருக்குப் போயிருந்தபோது நடவு முடிந்து முப்பது நாள் ஆகியிருந்தது. அப்பா வயலில் இறங்கி ஒரு குத்தை இரண்டு கையாலும் விரித்து, அடியிலிருந்து கிளைத்த தண்டுகளான தூர்களை எண்ணினார். 22. "இதுல அஞ்சாறு சும்மா நிக்கும். கதிர் வராது, உரத்தை மட்டும் தின்னும்" என்றார்.

அந்த அஞ்சாறு தூரைப் பற்றித்தான் என் ஆராய்ச்சியே. ஒரு நெற்பயிர் எத்தனை தூர் விடலாம் என்று தீர்மானிப்பதில் மிர்156 என்ற குட்டி ஆர்.என்.ஏ.வுக்குப் பெரிய பங்கு உண்டு. மொத்தம் 20 எழுத்துதான். யு, ஜி, ஏ, சி, ஏ, ஜி என்று தொடங்கும், எனக்கு மனப்பாடம். ஆர்கோநாட் என்ற புரதம் இதைக் கையில் பிடித்துக்கொண்டு, இதன் எழுத்துகளோடு பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் செய்தியை, தேடும். கிடைத்ததும் நடுவில் வெட்டிவிடும். நெல்லில் அப்படி வெட்டுப்படும் செய்திகளில் ஒன்று எஸ்பிஎல்14 என்ற மரபணுவுடையது. தூர் அதிகம் கிளைக்காமல் அடக்கி வைப்பது அந்த மரபணுதான். அதன் செய்தி வெட்டுப்பட்டால் தூர் பெருகும்.

2010-இல் சீனாவில் ஜியாயாங் லி குழுவினர் ஒரு நெல்லைப் பற்றி எழுதினார்கள். அதன் எஸ்பிஎல்14-இல் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது: 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ'. மிர்156 வந்து ஒட்டும் இடமே அதுதான். பிடி நழுவியதால் செய்தி பிழைத்தது. பயிரில் தூர் குறைந்து, தண்டு தடித்து, கதிரில் கிளைகள் கூடின. ஒரே எழுத்து! முதல்முறை படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆய்வகத்தில் இந்தக் குட்டிகளைப் பிடிப்பது லேசில்லை. திரவ நைட்ரஜனை ஊற்றி, இலையைக் கல்வத்தில் அரைக்க வேண்டும். தூள் இளகுவதற்குள் வேலை முடியாவிட்டால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். முதல் வருடம் வழக்கமான வடிகுழாயில்தான் பிரித்தேன். அது 200 எழுத்துக்கு மேல் நீளமானவற்றைத்தான் பிடித்து வைக்கும். நான் தேடியவை எல்லாம் அடியில் வடிந்த நீரில் இருந்தன. அதைக் கொட்டிவிட்டிருந்தேன். மூன்று வார இலை. இப்போது வடிநீரைத்தான் முதலில் பத்திரப்படுத்துகிறேன்.

அப்புறம் 2018-இல் வந்த ஆய்வு இன்னும் அழகு. குலைநோய்ப் பூஞ்சை தாக்கும்போது அதே எஸ்பிஎல்14 மரபணு தரும் புரதத்தில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்கு ஏறுகிறது. உடனே அது வளர்ச்சி வேலையை விட்டு நோயெதிர்ப்பு மரபணுவை முடுக்குகிறது. 48 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்து, விட்ட வேலையைத் தொடர்கிறது.

இதையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, தூர் குறைஞ்சாச்சு. நண்டு வெட்டுன இடத்தை எது நிரப்பும்?" என்றார்.

நியாயமான கேள்வி. பக்கத்துக் குத்து தூர் விட்டுத்தானே அந்த இடைவெளி மூடுகிறது. எஸ்பிஎல்14 அளவு மிதமாகக் கூடினால்தான் விளைச்சல் நன்றாக இருக்கிறது, மிகவும் கூடினால் தூர் ரொம்பவே குறைந்துவிடுகிறது என்று பிறகு வந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் எங்கள் வயலில் எவ்வளவு இருந்தால் மிதம்? அடுத்த நடவில் நண்டு வெட்டிய இடத்தை ஒட்டிய குத்துகளிலிருந்து தனியாக இலை எடுக்கப் போகிறேன். எந்த மூலையில் நண்டு வரும் என்று அப்பா இப்போதே காட்டிவிட்டார்.