பேட்டர்ன் தாளில் ஹெவிவெயிட் சாம்பியன்கள்: மூன்று மாதம் செய்து பார்த்தது

பேக்கரியில் டீ குடிக்கும்போது குத்துச்சண்டையில் அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டைப் பற்றி வந்த பேச்சுதான் இது. எங்கள் கட்டிங் செக்ஷனில் இருக்கும் தம்பி, "மார்சியானோ தோத்ததே இல்லீங்க மாஸ்டர். 49 சண்டை, 49லயும் ஜெயம். அப்புறம் எப்படிங்க அலி பெரியவரு ஆவாரு?" என்று கேட்டான். "அவருக்குக் கை எட்டாது கண்ணு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. எத்தனை அங்குலம் எட்டாது? திருப்பூரில் இருபது வருசமாக இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். அளந்து பார்க்காமல் பேசியது எனக்கே சரியாகப் படவில்லை.

துணி வெட்ட அளவுக்கு வைக்கும் பேட்டர்ன் தாளில், கம்பெனியில் கழித்துப்போட்டதைக் கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சாம்பியனையும் ஆள் உயரத்துக்கு வெட்ட ஆரம்பித்தேன். உயரமும், இரண்டு கையையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி வரும் அளவும் பதிவுகளில் கிடைக்கின்றன. ராக்கி மார்சியானோவுக்குக் கைவிரிப்பு 67 அங்குலம். முகமது அலிக்கு 78. சன்னி லிஸ்டனுக்கு 84. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் ஒட்டியபோது லிஸ்டனின் கை சன்னலைத் தாண்டிப் போனது. தம்பி வந்து மார்சியானோவின் தாள்மேல் தன் கையை வைத்துப் பார்த்து, "என்ர கை அளவுதானுங்களே இருக்குது" என்றான்.

இதில் தொழில் விசயம் ஒன்று இருக்கிறது. கைவிரிப்பு என்றால் வெறும் கை நீளம் அல்ல, தோள் அகலமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சட்டைக்கு ஷோல்டர் தனி, ஸ்லீவ் தனி என்றுதான் அளவு எடுப்போம். அதனால் அலிக்கும் மார்சியானோவுக்கும் இடையில் உள்ள 11 அங்குலத்தைப் பாதியாக்கி, ஒரு கைக்கு ஐந்தரை அங்குலம் வித்தியாசம் என்று எழுதியிருந்த முதல் கணக்கை அடித்துவிட்டேன். குத்துச்சண்டைக்காரர் பக்கவாட்டில் திரும்பி வேறு நிற்பார். குத்தும்போது தோளும் சேர்ந்து முன்னே போகும்.

அப்புறம், மார்சியானோ நிமிர்ந்து நின்று சண்டை போட்டவரே அல்ல. அவருடைய தாளை இடுப்பில் ஒரு மடிப்பு, முழங்காலில் ஒரு மடிப்பு மடித்து மறுபடி ஒட்டினேன். தலை அலியின் மார்புக்கு வந்துவிட்டது. அந்தத் தலையைத் தொட அலியின் இடது கை கீழே இறங்க வேண்டும். சாய்ந்து இறங்குகிற கைக்கு முன்னால் எட்டும் தூரம் குறையும். டேப்பைப் பிடித்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. 71 அங்குலக் கைவிரிப்பை வைத்துக்கொண்டு மைக் டைசன் 1986இல், 20 வயதில், சாம்பியன் ஆனதும் இப்படிக் குனிந்து உள்ளே புகுந்துதான். நான் பேக்கரியில் சொன்னது பாதிதான் சரி.

"கம்ப்யூட்டர்ல போட்டாச் சொல்லிருமுங்களே" என்றான் தம்பி. அதையும் அந்தக் காலத்திலேயே செய்துவிட்டார்கள். 1969இல் ஓய்வுபெற்ற மார்சியானோவையும், விளையாடத் தடையில் இருந்த அலியையும் கேமரா முன்னால் நிறுத்தி, கம்ப்யூட்டர் சொன்ன முடிவு என்று படமாக்கினார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்காவில் காட்டியதில் 13ஆம் சுற்றில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயித்தார். மார்சியானோ எதையும் பார்க்கவில்லை. 1969 ஆகஸ்டிலேயே விமான விபத்தில் இறந்துபோனார். அந்த மனிதர் படத்துக்காக உடம்பைக் குறைத்து, தலைக்கு டோப்பா வைத்து வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

தாள்களை மடித்து அட்டாலியில் வைத்துவிட்டு யூடியூப்பில் பழைய சண்டைகளைச் சுற்றுச் சுற்றாகப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு நீளத் தாளில் 15 கட்டம், 12ஆம் கட்டம் முடிகிற இடத்தில் சிவப்புக் கோடு. பட்டத்துக்கான சண்டை முன்பு 15 சுற்று. 1982இல் தென்கொரிய வீரர் கிம் டுக் கூ அடிபட்டு இறந்த பிறகுதான் 12 ஆகக் குறைய ஆரம்பித்தது.

அந்தக் கோட்டைப் போட்டதும் தூக்கம் போய்விட்டது. 1952 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் அப்போதைய சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் மார்சியானோ முதல் சுற்றிலேயே கீழே விழுந்தார். 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்னால் இருந்தார். 13ஆம் சுற்றில் அருகிலிருந்து ஒரு வலது கைக் குத்து. வால்காட் கயிற்றில் கை மாட்டிக்கொண்டு மண்டியிட்டுச் சரிந்தார். 1941 ஜூனில் சாம்பியன் ஜோ லூயிஸுடன் பில்லி கான் மோதிய சண்டையும் அப்படித்தான். லூயிஸைவிட 25 பவுண்டுக்கு மேல் எடை குறைந்த கான், 12 சுற்று முடிவில் புள்ளியில் முன்னால் இருந்தார். 13ஆம் சுற்று முடிய இரண்டே விநாடி இருக்கும்போது லூயிஸ் அவரை வீழ்த்தினார். இன்றைய விதிப்படி என்றால் அன்றைக்குப் பட்டம் கானுக்கு, மார்சியானோவுக்கு 49-0 கிடையாது என்று நோட்டில் எழுதி, இரண்டு கோடும் போட்டேன்.

ஒரு வாரம் அந்த முடிவு நின்றது. அப்புறம் கம்பெனியில் ஒரு லாட்டுக்கு அளவு போடும்போது உறைத்தது. பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துத்தான் பேட்டர்ன் வெட்டுவோம். தைத்து முடித்த உருப்படியில் நான்கு அங்குலத்தைக் கத்தரித்தால் அது சின்ன சைஸ் ஆகிவிடாது. 15 சுற்று என்று தெரிந்து இறங்குகிறவர் மூச்சை 15க்குப் பிரித்து வைத்திருப்பார். 12 என்றால் லூயிஸ் முன்னாலேயே நெருங்கியிருக்கலாம். கானும் 13இல் ஒதுங்கி ஓடியிருந்தாலே போதும். கிட்ட நின்று அடிக்கப் போனார், அதனால் விழுந்தார். சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை, பென்சில் கோடாக மாற்றிவிட்டேன்.

இந்தக் காலத்துச் சாம்பியன்களையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2024 மே மாதம் ரியாத்தில் ஆறடி மூன்று அங்குல உக்ரைன் வீரர் உசிக், ஆறடி ஒன்பது அங்குல டைசன் ஃபியூரியை 12 சுற்றில் ஜெயித்து எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக்கினார். ஃபியூரியின் தாளை நிறுத்த என் அறையின் சுவரே போதவில்லை. ஆனால் அந்த உயரத்தை உசிக் காலாலேயே சமாளித்துவிட்டார். அவருக்கு 13, 14, 15 என்று மூன்று சுற்று கூடக் கொடுத்திருந்தால் ஃபியூரிக்கு இன்னும் கஷ்டம் என்பது என் கணிப்பு.

பேக்கரியில் போன வாரம் கடைக்காரர் அண்ணன் நேராகவே கேட்டார், "ஏனுங்க மாஸ்டர், கடைசியா ஆருங்க பெரியவரு?" என்று. நான் ஜோ லூயிஸ் என்றேன். 1937இலிருந்து 1949 வரை பட்டத்தை விடாமல் வைத்து, 25 தடவை காப்பாற்றியவர். அதில் வந்த எடைகளும் பாணிகளும் அத்தனை விதம். அலியை இரண்டாவதாக வைப்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் 1967இலிருந்து 1970 வரை அவருடைய நல்ல வருசங்களைத் தடை தின்றுவிட்டது. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் மார்சியானோ பக்கம்தான்.

வருகிற ஞாயிறு, 1978இல் பட்டத்துக்காக லாரி ஹோம்ஸ், கென் நார்ட்டன் மோதியதைப் பார்க்க வருகிறான். 14 சுற்று முடிந்தும் மூன்று நடுவர்களிடமும் சமமாக இருந்து, 15ஆம் சுற்றில் முடிவான சண்டை அது. கட்டம் போட்ட தாள் தயாராக இருக்கிறது. அவனுக்கு ஒரு பென்சில், எனக்கு ஒரு பென்சில். 15 முடிகிற வரைக்கும் ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்ப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.