1.33-ஐ 1 என்று எழுதாதீர்கள்: மோல் கணக்கோடு மல்லுக்கட்டிய அனுபவம்

மோல் பாடத்தை ஒருவழியாகத் தாண்டிவிட்டேன். கணக்கு என்று பார்த்தால் வகுத்தலும் பெருக்கலும்தான், யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த வகுத்தலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கைடின் விடைக்குறிப்பு, ட்யூஷன் முக்கோணம், ஆய்வகத் தராசு என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்த விதத்தை நினைத்தால் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அணு நிறை, மோலார் நிறை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் தகராறு வரையறையிலேயே வந்தது. வகுப்புத் தேர்வில், 6.02214076 × 10²³ துகள்கள் கொண்ட பொருளின் அளவு ஒரு மோல் என்று எழுதினேன். சிவப்பு மையில் ஒரு கோடு, அரை மதிப்பெண் போச்சு. வகுப்புக் குறிப்பில் இருந்தது பழைய வரையறை: கார்பன்-12 ஐசோடோப்பின் 12 கிராமில் எத்தனை அணுக்கள் உண்டோ அத்தனை. 2019 மே 20 முதல் அந்த எண்ணையே நிலையான மதிப்பாக வைத்துக்கொண்டு, வரையறையிலிருந்து கார்பனை எடுத்துவிட்டார்கள் என்று விளக்கிப் பார்த்தேன். “நோட்ல இருக்கிறதை எழுது” என்பதோடு பேச்சு முடிந்தது. கணக்குப் போட இரண்டும் ஒன்றுதான், 6.022 × 10²³ என்று எடுத்துக்கொண்டால் போதும். தேர்வில் கேட்டால் முதல் வரியில் எண்ணையும் அடுத்த வரியில் கார்பன்-12 சமாச்சாரத்தையும் எழுதிவிடுங்கள். யார் திருத்தினாலும் கை வைக்க முடியாது.

அடுத்தது அந்த முக்கோணம். மேலே நிறை, கீழே மோலும் மோலார் நிறையும். வேண்டியதை விரலால் மறைத்தால் மற்ற இரண்டும் விடை சொல்லும். ட்யூஷனில் மொத்தப் பாடத்தையும் இதை வைத்தே முடித்தார்கள். சோடியம் குளோரைடு, கால்சியம் கார்பனேட் என்று வரும்வரை நன்றாகவே ஓடியது. “8 கிராம் ஆக்சிஜனில் எத்தனை மோல்?” என்று ஒரு கேள்வி வந்ததும் படுத்துவிட்டது. வாயு மூலக்கூறு என்றால் 32 ஆல் வகுக்க வேண்டும், விடை 0.25. அணுக்கள் என்றால் 16 ஆல் வகுக்க வேண்டும், விடை 0.5. இரண்டுமே சரிதான், எதை எண்ணுகிறோம் என்று கேள்வி சொல்லவில்லை, அவ்வளவுதான். எதைப் போடுவது என்று கேட்டால், “ஆக்சிஜன்னா 32 போடு” என்று ஒரே போடு போட்டார்கள். இந்தப் பொன்மொழி பிற்பாடு எளிய விகித வாய்பாட்டில் (சேர்மத்திலுள்ள அணுக்களின் மிகச் சிறிய முழு எண் விகிதத்தைச் சொல்வது) எத்தனை பேரைக் கவிழ்த்தது என்று சொல்கிறேன்.

கேள்வியைப் படித்ததும் ஓரத்தில் நான் எண்ணப்போகும் துகளின் பெயரை எழுதிவிடுவது என்று பழக்கப்படுத்திக்கொண்டேன். அணுவா, மூலக்கூறா, அயனியா? 9 கிராம் நீர் என்றால் 0.5 மோல் மூலக்கூறுகள், அதாவது 3.011 × 10²³. “எத்தனை அணுக்கள்?” என்று கேட்டிருந்தால் அதை மூன்றால் பெருக்க வேண்டும். கேள்வியின் கடைசி வார்த்தை வரை படிக்காமல் மதிப்பெண்ணை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வாயுக் கணக்கில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு 22.4 லிட்டர் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்கான மதிப்பு. 1982-ல் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றினார்கள், அதன்படி 22.7 லிட்டர் வரும். உங்கள் புத்தகம் எந்தக் கட்சி என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கேள்வியிலேயே அழுத்தம் கொடுத்திருந்தால் புத்தகத்தை மறந்துவிட்டுக் கேள்வியைப் பின்பற்றுங்கள்.

சரி, எளிய விகித வாய்பாட்டுக்கு வருவோம். உண்மையான வயிற்றெரிச்சல் இங்கேதான்.

கைடில் இருந்த கணக்கு இது: ஓர் இரும்பு ஆக்சைடில் இரும்பு 69.94%, ஆக்சிஜன் 30.06%. நூறு கிராம் எடுத்துக்கொண்டால் இரும்பு 69.94 ÷ 55.85 = 1.252 மோல், ஆக்சிஜன் 30.06 ÷ 16 = 1.879 மோல். சிறியதால் இரண்டையும் வகுத்தால் 1, 1.5. இதுவரை கைடும் ஒழுங்காகத்தான் வந்தது. அடுத்த வரியில், 1.5-ஐ முழு எண்ணாக்கினால் 2, ஆகவே ஓர் இரும்புக்கு இரண்டு ஆக்சிஜன் என்று முடித்துவிட்டார்கள். தேற்றம் நிறுவிய தோரணையில் கீழே அடிக்கோடு வேறு.

வகுப்பில் அதைச் சுட்டிக்காட்டியபோது கிடைத்த பதில், “அச்சுல வந்தது தப்பா இருக்குமா?” என்பது. வாக்குவாதத்தால் இது நடக்காது என்று புரிந்து, விடையைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். ஓர் இரும்பு 55.85, இரண்டு ஆக்சிஜன் 32, மொத்தம் 87.85. அதில் இரும்பின் பங்கு 63.6%. கேள்வியில் இருப்பதோ 69.94%. இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன் என்று வைத்தால் 111.7-ஐ 159.7 ஆல் வகுக்க வேண்டும், கச்சிதமாக 69.94%. அதன் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கைடில் அந்த வரியைப் பேனாவால் அடித்துத் திருத்திக்கொள்ளும்படி வகுப்பு முழுவதற்கும் சொன்னார்கள். இந்தப் பாடத்தில் நான் மிக ரசித்த நிமிடம் அதுதான்.

“ஆக்சிஜன்னா 32” கூட்டம் இதே கணக்கில் என்ன ஆனது தெரியுமா? 30.06 ÷ 32 = 0.939. இப்போது சிறியது ஆக்சிஜன். 1.252-ஐ அதால் வகுத்தால் 1.33, மூன்றால் பெருக்கினால் நான்கு இரும்பு, மூன்று ஆக்சிஜன். எண்கள் அவ்வளவு அழகாக வந்து உட்காருவதால் சந்தேகமே வராது. தப்பான வழி அசிங்கமான எண்ணைக் கொடுத்துக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். வாய்பாட்டுக்குள் இருப்பது அணுக்களின் விகிதம், அதனால் ஆக்சிஜனுக்கு 16, நைட்ரஜனுக்கு 14, குளோரினுக்கு 35.5. எப்போதும்.

தசமத்தை எப்போது முழுமைப்படுத்தலாம் என்று எந்தக் குறிப்பிலும் தெளிவாக இல்லை. கணக்குகளைப் போட்டுப் போட்டு எனக்குக் கிடைத்தது இது: 1.98, 3.03 என்று முழு எண்ணை ஒட்டி வந்தால் முழுமைப்படுத்தலாம். 0.5 என்று முடிந்தால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்க வேண்டும். 0.33, 0.67 என்றால் மூன்றால். 0.25, 0.75 என்றால் நான்கால். 0.2, 0.4 என்று வந்தால் ஐந்தால். பெருக்கும்போது 1 என்று வந்த தனிமத்தையும் சேர்த்துப் பெருக்க வேண்டும், அதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

இது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. நடுவில் எண்களை வெட்டக் கூடாது. காந்தத் தாதுவான மேக்னடைட்டில் இரும்பு 72.36%, ஆக்சிஜன் 27.64%. மோல்கள் 1.2956, 1.7275. விகிதம் 1.333, மூன்றால் பெருக்கினால் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன். “ஒரு தசமம் போதும்” என்று கரும்பலகையில் 1.3, 1.7 என்று எழுதினார்கள். வகுத்தால் 1.31. இது 1.25-ஆ, 1.33-ஆ? ரெண்டுங்கெட்டான். விடை தெரிந்தவர்களுக்கு மட்டும் விடை வரும் கணக்கு அது! கால்குலேட்டரில் வந்ததைக் குறைந்தது நான்கு இலக்கத்துக்கு எழுதுங்கள், முழுமைப்படுத்துவதைக் கடைசி வரிக்கு ஒத்திப்போடுங்கள்.

இன்னொரு பொறி, சொல்லாமல் விட்ட தனிமம். சோடியம் 43.4%, கார்பன் 11.3%, ஆக்சிஜனும் உண்டு என்று மட்டும் கேள்வி சொல்லும். கூட்டிப் பாருங்கள், 54.7 தான் வருகிறது. மீதி 45.3 ஆக்சிஜன். அதன் பிறகு 2:1:3, சோடியம் கார்பனேட், தானாக வந்துவிடும்.

ஆய்வகத்தில் மெக்னீசியத்தை எரித்தது தனிச் சோகம். குரூசிபிள் என்ற சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில் ரிப்பனைச் சுருட்டிப் போட்டு, மூடி, சூடாக்கி, அவ்வப்போது மூடியை லேசாகத் தூக்கிக் காற்று விட வேண்டும். தூக்கும்போதெல்லாம் வெண்புகை கிளம்பும். அந்தப் புகைதான் நாம் எடை போட வேண்டிய ஆக்சைடு. 0.24 கிராம் மெக்னீசியத்துக்கு 0.40 கிராம் வர வேண்டிய இடத்தில் எங்களுக்கு 0.38 வந்தது. ஆக்சிஜன் 0.14 கிராம்தான் என்று ஆகிறது. விகிதம் 1:0.89, முழு எண்ணாக்கினால் ஒன்பது மெக்னீசியத்துக்கு எட்டு ஆக்சிஜன்! தராசு இரண்டு தசமம் மட்டும் காட்டும். 0.14-ல் கடைசி இலக்கம் ஒன்று புரண்டாலே ஏழு சதவீதம் போய்விடும். மறுபடி சூடாக்கி, எடை மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று கேட்டோம். நேரமாகிவிட்டது, பர்னரை அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.

சுற்றியிருந்த நோட்டுகளில் எல்லாம் 0.40 மந்திரம் போட்டதுபோல் முளைத்திருந்தது. நாங்கள் 0.38 என்றே எழுதி, காரணங்களைக் கீழே சேர்த்தோம்: புகையாகப் போனது, முழுக்க எரியாத உலோகம், காற்றிலுள்ள நைட்ரஜனோடும் மெக்னீசியம் சேர்ந்து நைட்ரைடாவது. இந்த மூன்றுமே எடையைக் குறைத்துத்தான் காட்டும். நைட்ரைடுக்கு வைத்தியமும் உண்டு. ஆறிய பிறகு சில சொட்டு நீர் விட்டு மறுபடி சூடாக்கினால், அம்மோனியா நெடியோடு அது ஹைட்ராக்சைடாகி, பிறகு ஆக்சைடாகிவிடும். முழு மதிப்பெண் கிடைத்தது. 0.40 எழுதியவர்களுக்கும் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

மயில்துத்தப் படிகத்தில் (காப்பர் சல்பேட்) எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு தொல்லை தரவில்லை. 2.50 கிராம் சூடாக்க 1.60 ஆனது, நீர் 0.90, உப்புக்கும் நீருக்கும் மோல் விகிதம் ஏறத்தாழ 1:5. நீலம் முழுக்க வெள்ளையானதும் சூட்டை நிறுத்திவிடுங்கள். கறுக்கத் தொடங்கினால் சல்பேட்டே சிதைகிறது என்று பொருள், எடை கெட்டுவிடும்.

சேர்மத்தை எரித்து, வருவதை எடை போட்டு வாய்பாடு காணும் எரித்தல் பகுப்பாய்வுக் கணக்குகள்தான் ரொம்ப நாள் பிடிபடவில்லை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் கொண்ட 0.500 கிராம் சேர்மத்தை எரித்தால் 0.733 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.300 கிராம் நீரும் வருகின்றன. கார்பன் 0.733 × 12.01 ÷ 44.01 = 0.200 கிராம். ஹைட்ரஜன் 0.300 × 2.016 ÷ 18.02 = 0.0336 கிராம். ஆக்சிஜனை எங்கிருந்து எடுப்பது? வாயுவிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லி ஒரு நோட்ஸ் வலம் வந்தது. கூட்டினால் 0.533-ம் 0.266-ம் சேர்ந்து 0.799 கிராம். மொத்தச் சேர்மமே அரை கிராம்தான்!

கருவி எப்படி வேலை செய்கிறது என்று படித்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. 1831-ல் ஜெர்மன் வேதியியலர் லீபிக் ஐந்து குமிழ்கள் கொண்ட ஒரு கண்ணாடிக் கருவியைச் செய்தார். நீராவியைக் கால்சியம் குளோரைடு பிடித்துக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடைக் குமிழ்களில் உள்ள பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் பிடித்துக்கொள்ளும். இரண்டின் எடையும் எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். ஆக்சிஜனை யாரும் எங்கும் எடை போடவில்லை, எரிக்க வெளியிலிருந்து வேறு ஆக்சிஜன் உள்ளே போகிறது. ஆகவே கழித்துத்தான் கண்டுபிடிக்க முடியும்: 0.500-லிருந்து 0.200, 0.0336 போக 0.266 கிராம். மோலாக்கினால் 1:2:1.

அந்த 1:2:1 வாய்பாட்டின் நிறை 30. மோலார் நிறை 60 என்றால் அசிட்டிக் அமிலமாகலாம், 180 என்றால் குளுக்கோஸாகலாம். மோலார் நிறையை 30 ஆல் வகுத்து வரும் எண்ணால் பெருக்கினால், ஒரு மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணுக்கள் என்று சொல்லும் மூலக்கூறு வாய்பாடு வந்துவிடும். வகுத்து முழு எண் வராவிட்டால் முந்தைய படியில் தப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் அதை முழுசாக நம்பிவிடாதீர்கள்.

வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் 40.9%, ஹைட்ரஜன் 4.58%, ஆக்சிஜன் 54.5%, மோலார் நிறை 176. மோல் விகிதம் 1:1.33:1. மூன்றால் பெருக்கினால் 3:4:3, நிறை 88, இரண்டு மடங்கு, ஆகவே 6:8:6. யாராவது 1.33-ஐ 1 என்று வெட்டிவிட்டால் 1:1:1, நிறை 29. இப்போது 176 ÷ 29 = 6.07. ஆறு என்று சந்தோஷமாக எழுதி 6:6:6 என்று முடித்துவிடுவார்கள். சோதனையில் தேறிய தப்பு! அதன் மோலார் நிறை 174, அந்த இரண்டு கிராம் வித்தியாசம் முழுமைப்படுத்தலில் மறைந்துபோகிறது. சதவீதத்தைத் திருப்பிப் போட்டால் அது ஒளிய முடியாது: 6:6:6-ல் ஹைட்ரஜன் 3.47%, கேள்வியில் 4.58%. தேர்வில் நேரம் போதாவிட்டால் ஹைட்ரஜன் ஒன்றை மட்டுமாவது இப்படிச் சரிபாருங்கள். அணு நிறை 1 தான் என்பதால் மொத்த நிறையில் அதன் தப்பு தெரியாது, சதவீதத்தில் பளிச்சென்று தெரியும்.