வாசல் இல்லாத வீடு

நம் டிராயிங் சார் காலமான செய்தி வந்த அன்று, பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அவருடைய பிரம்பைப் பற்றித்தான் எழுதினார்கள். என் மேல் அவர் பிரம்பு பட்டதேயில்லை. பட்டது வேறு.

எட்டாம் வகுப்பில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் ராஜா வீட்டைப் பார்க்க வெயிலில் நடத்திக்கொண்டு போனாரே, அந்த வாரம். தெருவில் நிறுத்திவைத்து, 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலைச் செட்டியார், சென்னை மேயரான அவர் மகன் முத்தையா செட்டியார் என்று பாடம் முடித்துவிட்டு, தெரிந்த ஒரு வளவு வீட்டின், அதாவது முற்றத்தைச் சுற்றிக் கட்டிய செட்டியார் வீட்டின், அமைப்பை வரைந்துவரச் சொன்னார்.

எல்லாரும் முகப்பில் தொடங்கினார்கள்: திண்ணை, தேக்குத் தூண், நிலைக்கு மேல் கஜலட்சுமி. என் அம்மா பக்கத்துத் தெரு வீடொன்றில் சமையலுக்கு இருந்தார். எனக்குத் தெரிந்தது பின்தெரு வழி. கிணற்றடி, விறகுக் கொட்டகை, அடுப்படி என்று தொடங்கிய என் வீடு இரண்டாங்கட்டோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் நான் போனதில்லை. சார் தாளைத் தூக்கிப் பிடித்தார். “வாசலே இல்லையே, ஐயா ஓட்டைப் பிரித்து இறங்குவாரோ?” வகுப்பு சிரித்தது. இந்த மலரைப் படிப்பவர்களில் பலர் அன்று சிரித்தவர்கள்தாம்.

சனிக்கிழமை அதே மனிதர் சைக்கிளில் வந்து, அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, அம்மா சமைத்த அதே வீட்டுக்குள் முன்வாசல் வழியாகக் கூட்டிப்போனார். வருத்தம் தெரிவிக்கவில்லை, அவருக்கு அந்த வழக்கம் கிடையாது. முற்றத்தைச் சுற்றிப் பூட்டிய அறைகள், கலியாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் காசில் எழுந்த வீடு. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் காசு நின்றது. சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னார்: சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த வழவழப்பு. பிறகு தண்ணீர். ஓட்டுச் சரிவில் இறங்கி முற்றத்தில் விழும் மழை எந்தக் கட்டைத் தாண்டி, எந்தக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகிறது என்று காட்டினார். “உன் தாளில் தண்ணீர் ஓடும் வாட்டம் மட்டும் சரியாக இருந்தது” என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அந்த வாட்டந்தான் என்னைச் சிங்கப்பூரில் வரைவாளனாக்கியது. அடுக்குமாடிகளின் கழிவுநீர்க் குழாய்களையே வரைந்து ஓய்வும் பெற்றேன். சார் ஊரிலேயே இருந்து, இடிக்கப்போகும் வீடுகளை அதற்கு முன் அளந்துவிட ஓடிக்கொண்டிருந்தார். அவர் அளந்து முடித்த வீடுகளின் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நின்றன. விடுமுறையில் போன நானும் அங்கே ஒரு பீங்கான் ஜாடிக்குப் பேரம் பேசியிருக்கிறேன்.

கடைசியாக எழுதிய கடிதத்தில், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை, ஒரு மாதம் வந்து போக முடியுமா என்று கேட்டிருந்தார். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளப் பணம் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார், அஞ்சல் செலவைக் கழித்துக்கொண்டு.