நெட் டாய்க் பொம்மை: மூன்றாவது வாரம்

இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் கால்பந்து கிளப்புக்கு அந்தக் காலத்தில் கோல்கீப்பராக இருந்த நெட் டாய்க்கை, ஒரு குட்டி மைதானத்தோடு பொம்மையாகச் செய்துகொண்டிருக்கிறேன். போன வாரம் போட்ட மைதானக் கோடுகளை எல்லாம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து அழித்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். 1901-02 சீசன் என்று முடிவு செய்துவிட்டு, இப்போதைய செவ்வகப் பெனால்டி ஏரியாவை வரைந்து வைத்திருந்தேன். அது வந்ததே 1902இல்தான். அதற்கு முன், கோல் கோட்டிலிருந்து 12 கஜத்தில் மைதானம் முழுக்க ஒரு நேர்கோடு. கோலுக்கு முன்னால், ஒவ்வொரு கம்பத்தையும் மையமாக வைத்து 6 கஜ ஆரத்தில் ஒரு வளைவு.

என் மாதிரி 32இல் ஒரு பங்கு அளவு. கோல் 23 செ.மீ. அகலம், வளைவின் ஆரம் 17 செ.மீ. கம்பத்தடியில் ஆணி அடித்து நூல் கட்டிச் சுற்றினேன். இரண்டு வளைவும் நடுவில் சந்திக்க, இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி வந்தது. இதுதான் சரி!

சட்டைக்கும் ஒரு நாள் போனது. கோல்கீப்பருக்குத் தனி நிறம் கட்டாயமானது 1909இல். ஆகவே டாய்க்குக்கும் சண்டர்லாண்டின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளையே தீட்டினேன். ஐந்தரை செ.மீ. பொம்மையில் பட்டை போடுவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

யார் இந்த டாய்க் என்று கேட்பவர்களுக்கு: ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் பக்கத்து ஆள், 1866இல் பிறந்தவர். 1890இல் முறையாகப் பதிவாகும் முன்பே சண்டர்லாண்ட் இவரை இறக்கிவிட, கிளப்புக்கு 2 புள்ளி வெட்டு, 25 பவுண்ட் அபராதம். அதைப் பிறகு வட்டியோடு தீர்த்தார்: 1892, 1893, 1895, 1902 என நான்கு லீக் பட்டங்கள். 1904இல் லிவர்பூல் போனார். அங்கே கடைசியாக 1908 ஏப்ரலில் ஆடியபோது வயது 41 ஆண்டு 165 நாள். லிவர்பூலில் அந்த வயதில் வேறு யாரும் ஆடியதில்லை. 1919இல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் இறந்தார்.

மிச்சம் தொப்பி. மனிதருக்கு வழுக்கை, அதில் கொஞ்சம் கூச்சமும் உண்டு. தொப்பியைத் தாடைக்குக் கீழே பட்டை போட்டுக் கட்டிக்கொண்டுதான் ஆடுவார். தொப்பி கழன்றால் பந்தை விட்டுவிட்டு அதைப் பிடிக்க ஓடுவார் என்றொரு கதை உண்டு. நம்பலாமா தெரியாது, எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் பட்டையைப் பெயிண்டிலேயே தீட்டினேன், தாடி மாதிரி தெரிந்தது. அப்புறம் கறுப்புத் தையல் நூலில் ஒரு இழையைப் பிரித்து ஒட்டினேன். பசை காய்வதற்குள் தொப்பி இரண்டு தடவை கீழே விழுந்துவிட்டது. இப்போது துணி கிளிப் மாட்டி வைத்திருக்கிறேன். நாளைக்குப் பார்க்கலாம்.