கல்லூரிக்கு முன்பே கை பழகட்டும்

விலங்குகளோடு வேலை செய்ய விரும்புபவருக்குக் கால்நடை மருத்துவம், கால்நடை மருத்துவ உதவியாளர் பயிற்சி, உயிரியல் பூங்காப் பராமரிப்பு, வனவிலங்கு ஆய்வு என்று வழிகள் பல. உயிரியலும் வேதியியலும் நன்றாக வர வேண்டும் என்பது தெரிந்ததே. விண்ணப்பிக்கும் முன் ஒரு பண்ணையிலோ காப்பகத்திலோ சில மாதம் வேலை பாருங்கள். போவது கொஞ்சி விளையாட அல்ல. பார்க்கவும் பிடிக்கவும் அளக்கவும் அங்கேதான் பழக முடியும்.

முதலில் தொடாமல் பார்க்க வேண்டும். விலங்கு ஓய்வாக இருக்கும்போது, தள்ளி நின்று, விலா ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அருகில் போய்விட்டால் பயத்தில் மூச்சு வேகமெடுக்கும். பிறகு எண்ணிப் பயனில்லை. தூங்கும் நாயோ பூனையோ நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து மூச்சு விட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சேதி அது.

அடுத்தது உடல்வெப்பம். நாய்க்கும் பூனைக்கும் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், வளர்ந்த மாட்டுக்கும் கிட்டத்தட்ட அதேதான், குதிரைக்கு 37.5 முதல் 38.5. மனிதக் கணக்கை மனதில் வைத்திருப்பவர் 38.8 காட்டும் நல்ல நாயைக் காய்ச்சல் என்பார். தெர்மாமீட்டர் முனையில் வழுக்கும் களிம்பு தடவி, ஆசனவாயில் மெல்ல நுழைத்து, முனை உட்சுவரைத் தொடும்படி சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு குறைத்துக் காட்டும். திமிறிய விலங்குக்கும் வெயிலில் ஓடி வந்ததற்கும் காய்ச்சல் இல்லாமலே அளவு கூடும். சற்று நேரம் விட்டு மறுபடி பாருங்கள்.

நாடியை நாய்க்குப் பின்தொடையின் உட்புறத்திலும் மாட்டுக்கு வாலின் அடிப்பக்கத்திலும் பார்க்கலாம். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் நாடியையே எண்ண நேரும்.

விலங்கைப் பிடிப்பதில் பலத்தைவிட நிற்கும் இடமே முக்கியம். மாடு பின்னால் மட்டுமல்ல, காலை முன்பக்கம் கொண்டுவந்து பக்கவாட்டிலும் உதைக்கும். நேர் பின்புறம் அதன் கண்ணுக்குத் தெரியாத இடம். அங்கிருந்து அரவமில்லாமல் போனால் மிரளும். தோள்பட்டைக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னே நடக்கும், முன்னால் நின்றால் பின்வாங்கும். இது புரிந்தவருக்குக் கம்பு தேவைப்படாது. கூச்சல் போட்டு விரட்டுகிற இடத்தில் வேலை கற்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது மருந்துக் கணக்கில். நாயின் எடை 18 கிலோ, அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் தேவை 90 மில்லிகிராம். மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவில் இருந்தால் 1.8 மில்லிலிட்டர். அதே மருந்து 100 மில்லிகிராம் செறிவிலும் வரும். புட்டியைப் படிக்காமல் 1.8 என்றே ஏற்றினால் இரட்டிப்பு மருந்து உள்ளே போய்விடும். எடையைக் கண்ணால் மதிப்பிடுவதும், பவுண்டைக் கிலோ என்று எடுத்துக்கொள்வதும், தசமப் புள்ளி இடம் மாறுவதும் இதே ஆபத்தில்தான் முடியும். கணக்கை எழுதிப் போட்டு இன்னொருவரிடம் காட்டுங்கள்.

மருந்தியல் பாடம் ஏன் அவ்வளவு நீளம் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஓர் உதாரணம்: பாராசிட்டமால். மனிதருக்குச் சாதாரண மாத்திரை, பூனைக்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஓர் இனத்துக்குப் படித்ததை இன்னோர் இனத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

வேலையைத் தொடங்கும் முன்பே ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். போட்டிருந்தாலும், கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்தபின் போடும் ஊசியின் தவணைகள் குறையுமே தவிர, தேவையே இல்லாமல் போகாது. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், விரலில் குத்திக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். கர்ப்பிணிகள் ஈனும் ஆடுகளிடம் போகவே கூடாது. கருவைக் கலைக்கும் கிருமிகள் அங்கே இருக்கலாம்.

கருணைக்கொலை நடக்கும்போது, அனுமதித்தால், உடன் இருந்து பாருங்கள். இந்த வேலையில் அது அடிக்கடி வரும். தாங்க முடியுமா என்பதைப் படிப்பில் சேர்ந்தபின் கண்டுபிடிப்பது தாமதம்.

ஒரு நோட்டு வைத்துக்கொண்டு தேதி, இனம், எடை, வெப்பம், மூச்சு, என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். நேர்காணலில் “விலங்குகள் பிடிக்கும்” என்று எல்லோரும் சொல்வார்கள். கன்றின் கழிச்சலுக்கு முதலில் உப்புக்கரைசல் கொடுத்தது ஏன் என்று விளக்க, அந்த நோட்டு இருந்தால்தான் முடியும்.