ஒன்றும் நடக்காததைக் கொண்டாடுகிறோம்

நாய் வளர்க்கிற வீட்டில் நல்ல செய்தி என்றால், பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். "இன்னைக்கு கேஸ்காரர் வந்தாரு, சிலிண்டரை வெச்சுட்டுப் போயிட்டாரு" என்று அம்மா கோயம்புத்தூரில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்வார். "சரி, அப்புறம்?" என்பாள் அக்கா. அப்புறம் ஒன்றுமில்லை. அதுதானே செய்தி! மணி குரைக்கவில்லை, ராணி குறுக்கே ஓடவில்லை, கேஸ்காரர் சுவர் ஏறவில்லை. நாய் இல்லாதவர்களுக்கு இதன் அருமை தெரியாது.

நாங்கள் இருப்பது ராஜபாளையம். வளர்ப்பதோ சிப்பிப்பாறை. ஊருக்குச் செய்கிற துரோகம் என்று சிலருக்கு எண்ணம். அதுவும் நம்ம விருதுநகர் மாவட்டம்தானே என்று சமாளிப்போம். ராணிதான் அந்தச் சிப்பிப்பாறை. மணி, தெருவிலிருந்து தானாக வந்து வராந்தாவில் குடியேறியவன். எதிர்வீட்டில் அசல் வெள்ளை ராஜபாளையம். அந்த வீட்டுக்காரர் எந்தப் பேச்சை எடுத்தாலும், "எங்க ஜாதி நாய்க்கு 2005லயே கவர்ன்மெண்டு தபால்தலை விட்டிருக்கு" என்று கொண்டுபோய் முடிப்பார். ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தபால்தலை விட்டு என்ன, தபால்காரரைத் தெருவுக்குள்ள விட மாட்டேங்குதே" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டு நாய்கள் ஒழுங்காக இருந்தே தீர வேண்டும் என்ற நிலை. வாய் கொடுத்தது அம்மா, பாடம் எடுக்க வேண்டியது நான்.

பாடத்துக்குச் சம்பளம், வேகவைத்த கோழி ஈரல். விரல் நகம் அளவுக்கு நறுக்கினால் போதும். பெரிய துண்டாகப் போட்டால் மென்று முடிக்கும்போது எதற்காகக் கிடைத்தது என்பதே மறந்துவிடும். ஈரலை மூக்குக்கு நேரே பிடித்து மெதுவாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால், முகம் மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரைக்கு வரும். வந்த நொடியில் "சபாஷ்" சொல்லி ஈரலைக் கொடுக்க வேண்டும். மணிக்கு இது ஒரே சாயங்காலத்தில் பிடிபட்டது. ராணி உட்காரவே மாட்டேன் என்றாள். பாதி வரை இறங்குவாள், அப்படியே நின்று என்னைப் பார்ப்பாள். திமிர் என்று நினைத்தோம். பார்த்தால், வேட்டை நாய்க்குத் தொடையில் முழுக்கத் தசை, உட்காருமிடத்தில் சதையே கிடையாது. மொசைக் தரையில் எலும்பு உறுத்துகிறது. ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டதும் ஜம்மென்று உட்கார்ந்தாள். இப்போது சாக்கு எங்கே கிடந்தாலும் போய் உட்கார்ந்து என் கையைப் பார்க்கிறாள். அரிசிக்கடை வாசலில் அவளைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். ஈரல் டப்பாவின் மூடிச் சத்தத்துக்கே மணிக்கு எச்சில் வடிவதைப் பார்த்தவர் உற்சாகமாகிவிட்டார்.

"ரஷ்யாவுல பாவ்லோவ்னு ஒருத்தர் இதை வெச்சுத்தான் பெரிய ஆராய்ச்சி பண்ணாரு. 1904ல நோபல் பரிசே வாங்குனவரு."

"எச்சில் வடிச்சதுக்கா பரிசு?" என்றார் அம்மா.

"இல்ல, பரிசு செரிமான ஆராய்ச்சிக்கு."

"அப்போ அதை இவனுக்குத்தான் கொடுக்கணும். போன வாரம் என் செருப்பையே செரிச்சிட்டான்."

மணியின் இன்னொரு சாதனை, மாமாவின் வேட்டி. வருகிறவர்கள் மேல் தாவுவது அவனுடைய வரவேற்பு. மாமாவோ மழைக்காலத்திலும் வெள்ளை வேட்டிதான். தாவினால் திட்டாமல், தள்ளாமல், முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் ஈரலும் கொஞ்சலும். இதில் ஒரு சங்கடம், அடங்குவதற்கு முன்னால் ஆட்டம் கூடும். இத்தனை நாள் பலித்த வித்தை பலிக்கவில்லையே என்று இன்னும் உயரமாகத் தாவுவான், கூடவே குரைப்பான். அந்தச் சமயத்தில் பாவம் பார்த்துத் தடவிக் கொடுத்துவிட்டால் கதை கந்தல். மாமா முதுகைக் காட்டி நின்ற நாட்களில் வேட்டியின் பின்பக்கம் சேறு. இந்தத் தீபாவளிக்கு வந்தவர் வந்தபடியே வெள்ளையாகத் திரும்பிப் போனார். அம்மா அன்றைக்கும் அக்காவுக்குப் போன் போட்டார்.

ஆனால் பெரிய பரீட்சை அமாவாசைதான்.

எங்கள் வீட்டில் காக்கைக்குச் சோறு வைப்பது கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல். தாத்தா காலத்து வழக்கம், மாற்ற முடியாது. கல்லோ மணியின் மூக்கு உயரம். அப்பா இலைத் துண்டில் சோறு, பருப்பு, வடை எல்லாம் வைத்து, "கா கா" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் இலையே இருக்காது. "எங்கப்பா பசியோட போயிட்டாரு" என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். "உங்கப்பாவே மணி ரூபத்துல வந்து சாப்பிட்டாருன்னு நினைச்சுக்கோங்க, அவருக்கும் வடைன்னா உசிரு" என்பார் அம்மா. அப்பாவுக்கு அந்த ஆறுதல் பிடிக்காது.

ஆகவே "விடு" என்ற பாடம். மூடிய கைக்குள் ஈரல். மணி முதலில் நக்கினான், பிறகு மூக்கால் முட்டினான், பிறகு முன்னங்காலால் பிறாண்டினான். எதற்கும் கை திறக்கவில்லை. சலித்துப்போய் ஒரு நொடி முகத்தைத் திருப்பினான் பாருங்கள், அதற்குத்தான் சபாஷ், அதுவும் மற்றக் கையிலிருந்து. விட்டால்தான் கிடைக்கும் என்பது ஒரு நாய்க்குப் புரிகிற கணம் முகத்திலேயே தெரியும். காது இரண்டும் முன்னுக்கு வந்து, நெற்றி சுருங்கும். பிறகு திறந்த கை, தரை, இலை, கடைசியில் துவைக்கிற கல்.

தை அமாவாசையன்று அப்பா இலையை வைத்தார். நான் "விடு" என்றேன். மணி உட்கார்ந்தான். வாயிலிருந்து நூலாக எச்சில் இறங்குகிறது, வால் மண்ணைப் பெருக்குகிறது, ஆள் நகரவில்லை. காக்கை வந்தது. இவனைப் பார்த்தது, இலையைப் பார்த்தது, பக்கவாட்டில் இரண்டு தத்துத் தத்தி வடையைக் கவ்விக்கொண்டு முருங்கை மரத்துக்குப் போனது. மணி என்னைப் பார்த்தான். எங்கள் நாலு பேருக்கும் (ராணி சாக்கில் இருந்தாள்) பேச்சு வரவில்லை. அப்புறம் அப்பாவே உள்ளே போய், இன்னொரு இலை போட்டு மணிக்கு ஒரு வடை வைத்தார். வெங்காயம் நாயின் ரத்தத்துக்கு ஆகாது, சாதாரண நாள் வடையென்றால் நான் தடுத்திருப்பேன். அமாவாசை வடையில் வெங்காயம் ஏது?

இதில் ஒரே ஒரு சிக்கல். காக்கைக்கும் பாடம் புரிந்துவிட்டது. இந்த நாய் உட்கார்ந்துகொண்டு வேடிக்கைதான் பார்க்கும் என்று கூட்டத்துக்கே சொல்லிவிட்டது போலிருக்கிறது. இப்போது தினமும் காலையில் மணியின் தட்டுக்கே நேராக வந்து இறங்குகின்றன. அவனும் ஒழுங்காக உட்கார்ந்து, சபாஷ் வருமா என்று என் முகத்தைப் பார்க்கிறான். நேற்று அம்மா தென்னை விளக்குமாற்றோடு தட்டுக்குக் காவல் நின்றார். முன்னோரை விரட்டலாமா என்று அப்பா ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"அமாவாசைக்கு வரட்டும், வடை போடுறேன். தினமும் வந்து பிள்ளை சோத்துல கைவெச்சா?"