மாமல்லையில் ஒரு பூனையும் இரண்டு கதைகளும்

மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால், சாலையோரமாகவே இருக்கிறது அந்தப் பாறை. சீட்டு வாங்க வேண்டியதில்லை. சுமார் 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். அருகருகே இரண்டு பெரும்பாறைகள், நடுவில் இயற்கையாகவே விழுந்த ஒரு பிளவு. இரண்டின் முகத்திலும் தேவர், முனிவர், நாகர், யானை, மான், குரங்கு என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். ஊரார் இதை அர்ச்சுனன் தபசு என்கிறார்கள்.

முதல்முறை போகிறவர்கள் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுப் பாருங்கள். பெயர் காதில் விழுந்த உடனே கண் நேராக ஒற்றைக் காலில் நிற்கும் தவசியிடம் ஓடிவிடும். மிச்சமுள்ள நூறு உருவமும் அவருக்குப் பின்னணியாகிவிடும். வழிகாட்டி வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் பாறையைப் பார்த்த பிறகு அவரைக் கூப்பிடுங்கள். நான்கு பேராகப் போனால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசாமல் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, 'இங்கே என்ன நடக்கிறது?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு விடை வரும். அதற்குப் பிறகு பாறையைப் பற்றி மட்டுமல்ல, கூட வந்தவர்களைப் பற்றியும் பேச நிறைய இருக்கும்.

நிற்கும் இடமும் நேரமும் முக்கியம். பாறை கிழக்குப் பார்த்தது. விடிந்ததும் வெயில் நேராக முகத்தில் அடிப்பதால் உருவங்கள் தட்டையாகத் தெரியும். புகைப்படத்துக்கு நிறம் நன்றாக வரும், ஆழம் வராது. பத்து, பதினொரு மணிக்குச் சூரியன் மேலே ஏறியதும் ஒவ்வொரு புருவத்துக்கும் விரலுக்கும் கீழே நிழல் விழும். நுணுக்கம் பார்க்க அதுதான் நேரம். மாலையில் பாறை முழுவதும் நிழலுக்குள் போய்விடும். அப்போது ஒரே சீரான வெளிச்சத்தில் மொத்த அமைப்பையும் பார்க்கலாம். பலரும் நேரே யானைகளிடம் போய் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த இடத்திலிருந்து பிளவு கண்ணில் படாது. முதலில் சாலையின் எதிர்ப்பக்கம் வரை பின்னால் வந்து பிளவுக்கு நேர் எதிரே நில்லுங்கள், பிறகு நெருங்குங்கள்.

இப்போது கதைக்கு வருவோம். பிளவுக்கு இடப்பக்கம், மேலே, விலா எலும்பு தெரிய மெலிந்த ஒருவர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கிறார். பக்கத்தில் நான்கு கைகளோடு சிவன், ஒரு கை வரம் தரும் நிலையில். சிவனின் பாசுபதாஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் செய்த தவம் இது என்பது ஒரு பார்வை. செங்கல்பட்டு, ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. உயரமான தபசு மரத்தில் வேடம் கட்டியவர் படிப்படியாக ஏறி, உச்சியில் நின்று தவம் செய்வதை அண்ணாந்து பார்த்த கண்கள் அவை. அந்தக் கண்ணோடு வந்து இந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தால் வேறு யார் தெரிவார்?

பிளவிலிருந்து பார்க்கத் தொடங்குகிறவர்களுக்குக் கதையே வேறு. பிளவுக்குள் நாகராஜனும் நாகினியும் கைகூப்பி மேல்நோக்கி நீந்துகிறார்கள். பாறையின் உச்சியில் தண்ணீர் தேக்கிய தொட்டியின் அடையாளம் இருக்கிறது. அங்கிருந்து நீர் இந்தப் பிளவில் இறங்கியிருக்க வேண்டும். இருபுறமும் இருக்கிற அத்தனை உருவங்களும் பிளவை நோக்கியே வருகின்றன. அப்படியானால் பிளவு கங்கை. தவம் செய்பவர் பகீரதன். 1914-இல் கலை ஆய்வாளர் விக்தோர் கொலுபேவ் இந்த வாதத்தை முன்வைத்த பிறகு ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மயிலை சீனி. வேங்கடசாமி மூன்றாவதாக ஒன்று சொன்னார்: இது சமணக் கதை, கங்கையைக் கொண்டுவந்த சகர மன்னனின் குமாரர்களின் வரலாறு என்று. தமிழ்நாட்டின் சமணச் சுவடுகளைத் தேடித் தொகுத்தவரின் கண்ணுக்கு அது பட்டதில் வியப்பில்லை.

ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. அர்ச்சுனன் என்றால், அந்தக் கதையின் உயிரான காட்சி, வேடனாக வந்த சிவனோடு நடந்த சண்டை, இங்கே இல்லை. பகீரதன் என்றால், சிவன் கங்கையைச் சடையில் ஏற்கும் காட்சி இல்லை. தாங்கள் கேட்டு வளர்ந்த கதையில் எது இல்லையென்று யாரும் முதலில் தேடுவதில்லை. அடுத்தவர் கதையில்தான் தேடுகிறார்கள். இந்தப் பாறை முன்னால் நூறாண்டுக்கு மேல் நடந்த விவாதத்தைப் படித்தால் இது பளிச்சென்று தெரியும்.

இரண்டும் சேர்ந்தே வரட்டும் என்றுதான் சிற்பி செதுக்கினான் என்போரும் உண்டு. எங்களுக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. சிலேடை நமக்குப் புதிதா என்ன? ஒரே வெண்பாவில் பாம்பையும் எள்ளையும் பாடிய காளமேகத்தைப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். அங்கே 'எது சரி, பாம்பா எள்ளா?' என்று எவரும் கேட்பதில்லை.

சிலேடைக்கு நல்ல சாட்சி அந்தப் பூனை. பிளவுக்கு வலப்பக்கம், கீழ் வரிசையில் முன்னால் நிற்கும் பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். பின்கால்களில் நிமிர்ந்து, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே உள்ள தவசியைப் போலவே நிற்கிறது ஒரு பூனை. சுற்றிலும் எலிகள். யானைகளின் பருமனில் கண் லயித்துவிடுவதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். தந்தத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கண்ணைக் கீழே இறக்குங்கள்.

போலித் துறவியைக் கேலி செய்யும் ருத்திராட்சப் பூனை என்பார்கள் சிலர். தவத்தின் மகிமையால் பூனையும் பகை மறந்தது, எலியும் அஞ்சாமல் நிற்கிறது என்பார்கள் வேறு சிலர். மனிதர்மேல் நமக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பூனையின் முகம் தெரிகிறது. இந்தப் பூனைக்கு மகாபாரதத்தில் ஒரு மூலம் உண்டு. உத்தியோக பருவத்தில் வரும் பூனை கங்கைக் கரையில் கைதூக்கித் தவம் செய்வதுபோல் நின்று, நம்பி வந்த எலிகளை ஒவ்வொன்றாகத் தின்கிறது. ஆக, பாரதம் என்போருக்கும் கங்கை என்போருக்கும் அதே பூனை சாட்சி சொல்கிறது. கதையைச் சொல்லி அனுப்புகிறவன் யார் என்பதையும் கவனியுங்கள். போருக்கு முன் உலூகனைத் தூது அனுப்பும் துரியோதனன், 'நீ அந்தப் பூனைதான்' என்று தருமனுக்குச் சொல்லி விடுகிறான். சூதாட்டத்தில் வஞ்சித்தவன், தருமனிடம் வஞ்சகத்தைக் காண்கிறான்.

இடப்பக்கம் கீழே, ஆற்றங்கரையில், ஒருவர் துணி பிழிகிறார், ஒருவர் குடம் சுமக்கிறார். இன்னொருவர் விரல்களைக் கோத்துத் தலைக்கு மேல் பிடித்து அண்ணாந்து பார்க்கிறார். உச்சிவேளைச் சந்தி என்ற நண்பகல் வழிபாடு செய்து பழகியவருக்கு அவர் விரலிடுக்கு வழியே சூரியனைப் பார்க்கிறார் என்று சொல்லாமலே தெரியும். சிற்பத்தில் நேரம் நண்பகல் என்றும் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு அது சும்மா தூக்கிய கை. துணி பிழிகிறவரின் முறுக்கைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் தினமும் துணி துவைக்கிறவர்கள். சிற்பக் கல்லூரி மாணவர்களோடு போனால் அவர்கள் பாதியில் நின்ற இடங்களிலேயே நிற்பார்கள்: இடப்பக்கம் அடியில் உளி படாமல் விட்ட பாறை, அருகிலுள்ள முடியாத குடைவரைகளில் கட்டம் கட்டமாக வரைந்து, கோட்டோரம் வெட்டி, நடுவைத் தட்டி எடுத்த தடம்.

வடக்கே சற்று நடந்தால் வெண்ணெய் உருண்டைப் பாறை. முன்னால் நின்று கையால் தாங்குவதுபோல் படம் எடுத்ததோடு விடாமல் ஒரு முறை சுற்றி வாருங்கள். பின்பக்கம் கத்தியால் நறுக்கியதுபோல் பிளந்திருக்கும், அங்கிருந்து அது உருண்டையே இல்லை.

அடுத்து ஐந்து ரதங்கள் என்ற ஒற்றைக்கல் கோயில்கள், தெற்கே ஒன்றரை கிலோமீட்டர். இங்கே சீட்டு உண்டு. கடற்கரைக் கோயிலுக்கும் அதே சீட்டுதான், தொலைத்துவிடாதீர்கள். ரதங்களுக்கு இருக்கும் பாண்டவர் பெயர்கள் பின்னால் வந்தவை. கூரைவீடு போன்ற சிறிய ரதத்துக்குத் திரௌபதி பெயர், உள்ளே இருப்பது கொற்றவை. அவள் காலடியில் மண்டியிட்ட ஒருவன் ஒரு கையால் தன் தலைமயிரைப் பிடித்திருக்கிறான், மறு கையில் வாள். முடி காணிக்கை என்று முதலில் படித்தவர்கள் இருந்தார்கள். பரணி இலக்கியத்தில் தலையை அரிந்து கொடுக்கும் வீரர்களை அறிந்தவருக்கு அது நவகண்டம். வெளியே வெயிலிலிருந்து உள்ளே இருட்டைப் பார்ப்பதால் அந்த வாள் சட்டென்று தெரியாது. வாசலில் நின்று கண் பழகும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள்.

வளாகத்துக்குள் வடக்கிலிருந்துதான் நுழைகிறோம். முதலில் கண்ணில் படுவது ஒற்றைக்கல் யானையின் முதுகு. பக்கத்தில் நகுல சகாதேவ ரதம், அதன் பின்புறமும் யானையின் பின்புறம்போலவே வளைந்திருக்கிறது. இந்த வடிவத்துக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்றே பெயர். யானையும் ரதமும் தெற்குப் பார்த்தவை. நுழைந்த இடத்திலேயே நின்றால்தான் இரண்டு முதுகும் ஒன்றாகத் தெரியும். சுற்றிப்போய் முன்னால் நின்றால் ஒரு பக்கம் துதிக்கை, மறுபக்கம் தூண்களோடு ஒரு முகப்பு. அதனால் வாசலைத் தாண்டியதும் வேகமாக நடக்காதீர்கள்.